சனிக்கிழமை ஊழியம்

"நாளைக்குச் சனிக்கிழமை. யார் யார் வர்றீங்க? கையைத் தூக்குங்க பார்க்கலாம்."

நர்ஸக்கா இப்படிக் கேட்டதும் பூங்காப் புல்லில் சாய்ந்திருந்த பெயின்டர் திடீரென்று வானத்தை ஆராய ஆரம்பித்தார். டிரைவருக்கோ செருப்பு வார் அறுந்துவிட்டதாக ஒரு சந்தேகம். குனிந்தவர் நிமிரவே இல்லை.

நர்ஸக்கா ஆஸ்பத்திரி வேலையை விட்டு எவ்வளவோ வருடமாகிறது. ஆனால் அந்த வேலைக்கான குரல் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அந்தக் குரலைக் கேட்டால் யாருக்கும் கை தானாகவே ஊசிக்காகச் சட்டைக் கையை மடக்கிவிடும். இன்று அதற்கும் ஒருவரும் அசையவில்லை.

"போன வாரமே மூணு பேர்தான் போனோம். போதகர் என்ன சொன்னார் தெரியுமா? இந்த வாரமும் ஆள் சேரலன்னா மத்தியானச் சாப்பாட்டு ஊழியத்தையே நிறுத்திடப் போறாங்களாம்!"

"நிறுத்தட்டுமே அக்கா" என்றார் பெயின்டர், வானத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? அவங்களுக்கு நம்மள விட்டா யாருப்பா இருக்கா? பெத்த பிள்ளைங்க திசைக்கு ஒண்ணாப் போயிட்டாங்க. ஒரு போன் கிடையாது, ஒரு விசாரிப்பு கிடையாது. வாரம் பூரா அந்த ஒரு நாளுக்காகத்தான் காத்துட்டு இருக்காங்க. நாம போகலன்னா வாசலைப் பார்த்துப் பார்த்தே அவங்களுக்குக் கண்ணு பூத்துடும்."

"போறதுல எனக்குக் கஷ்டமே இல்லக்கா. பேசறதுலயும் கஷ்டமில்ல. அங்க உட்கார்ந்து சாப்பிடணுமே, அதை நெனச்சாத்தான் உதறுது."

"சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடறதுதான்ப்பா ஊழியமே! போன வாரம் நீ மூஞ்சியைச் சுளிச்சிட்டுத் தட்டைத் தள்ளி வெச்சியே, அதைப் பார்த்துட்டு ஒரு அம்மா மூலையில போய் நின்னு கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க."

பெயின்டருக்கு முகம் சுண்டிப்போனது. மனிதர் பொல்லாதவர் அல்ல, கொஞ்சம் வாய்த் துடுக்கு, அவ்வளவுதான்.

நர்ஸக்கா டிரைவர் பக்கம் திரும்பினார். "செருப்பை ஆராய்ஞ்சது போதும். நீ வர்றியா இல்லையா?"

"நாளைக்கு மத்தியானம் எனக்கு ஸ்டேஷன் பக்கம் சாப்பாட்டுக்கு ஒரு அழைப்பு இருக்குக்கா" என்று டிரைவர் இழுத்தார். "கோழி போடறாங்க."

"கோழியா?" பெயின்டர் முழங்கையை ஊன்றி எழுந்தே விட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்ல?"

"ஆளுக்கு ரெண்டு துண்டாம்" என்றார் டிரைவர் ரகசியமாக.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால் நர்ஸக்காவுக்கும் கோழி என்றால் உயிர். ஒரு கணம் அவர் மனமும் ஸ்டேஷன் வரை போய்விட்டுத்தான் வந்தது. மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்ட அந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வந்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"கோழி எங்கேயும் ஓடிடாது. அடுத்த வாரமும் கிடைக்கும். அவங்க மனசு உடைஞ்சா திரும்ப ஒட்ட வைக்க முடியுமா? இந்த ஒரு தடவை வாங்கப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சொன்ன கதையையே திரும்பச் சொல்லுவாங்க, இப்பத்தான் கேக்கற மாதிரி வாயைப் பிளக்கணும். கையைப் பிடிச்சா உருவிக்கக் கூடாது. பாட்டுப் பாடினா கூடச் சேர்ந்து பாடணும்."

"எனக்கு ராகம் வராதேக்கா."

"அவங்களுக்கு மட்டும் வருதாக்கும்?"

"அந்தக் கண்ணாடி போட்ட ஐயா மருமகளைப் பத்தி ஆரம்பிச்சா விடவே மாட்டாரே" என்று டிரைவர் முனகினார். "அவர்கிட்ட மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்க. 'அப்புறம் என்னாச்சுங்கய்யா'ன்னு கேளு. ஊழியம்னா சும்மாவா?"

மறுநாள் மத்தியானம் ஆலயத்துக்குப் பின்னால் இருந்த மண்டபத்துக்கு நர்ஸக்கா ஒரு படையையே திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கெங்கே போய்ப் பிடித்தாரோ, யாரை எப்படி மிரட்டினாரோ, அவருக்கே வெளிச்சம். பெயின்டர் தலையைப் படியச் சீவியிருந்தார். கோழியைத் தியாகம் செய்த துக்கம் டிரைவரின் முகத்தில் அப்படியே இருந்தது.

வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்த போதகர், இவர்களைக் கண்டதும் இரண்டு கைகளையும் உயர்த்தி, "ஸ்தோத்திரம்!" என்றார். கண்ணாடி போட்ட ஐயா அதற்குள்ளாகவே டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டார். நர்ஸக்காவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஊழியம் பிழைத்துக்கொண்டது!

"எல்லாரும் சிரிச்ச முகமா இருங்க" என்று பல்லைக் கடித்தபடி பின்னால் திரும்பி உத்தரவு போட்டார். படை மொத்தமும் சிரித்தது.

உள்ளேயிருந்து அந்த அம்மா ஓட்டமும் நடையுமாக வந்து, நர்ஸக்காவை ஒரு கையால் கட்டிக்கொண்டு, மறு கையிலிருந்த பெரிய கரண்டியால் கண்ணீரைத் துடைக்கப் போய்ச் சுதாரித்துக்கொண்டார். "வந்துட்டீங்களா! வீடு வாசல் இல்லாதவங்களுக்குன்னு ஆரம்பிச்ச சாப்பாடு, நீங்களே வரலன்னா நாங்க யாருக்கும்மா பரிமாறுவோம்? மூட்டையெல்லாம் ஓரமா வெச்சிட்டு உட்காருங்க, இன்னிக்கும் சூப்பு என் கைப்பக்குவம்தான்!"

போர்வை மூட்டையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்த நர்ஸக்கா, உப்புக் கரித்த அந்தச் சூப்பைக் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு வாய் விழுங்கி, "அமிர்தமா இருக்கும்மா! இன்னொரு கரண்டி ஊத்துங்க!" என்று சொல்லிக்கொண்டே, மேஜைக்கு அடியில் பெயின்டரின் காலை ஓங்கி மிதித்தார்.