முப்பத்திரண்டாவது ஆள்

“முப்பத்தொரு பேர்தான் நிக்கிறீங்க. ஸஜ்ஜாத் எங்க?”

வேப்பமரத்தடியில் வரிசையாக நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சீனன்குடா வீதியில் இருக்கும் அந்த அரிசிக் களஞ்சியத்தில், தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவது என்று அன்று காலை ஒத்திகை. மணி அடித்ததும் எல்லாரும் சிரித்துக் கதைத்தபடி வந்து நின்றுவிட்டார்கள். ஆனால் கையெழுத்துப் புத்தகத்தில் முப்பத்திரண்டு பேர்.

ஆள் எண்ணிய பாதுகாப்பு அதிகாரி நஸ்ரி புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். ஒத்திகைக்கு இப்படியும் ஒரு ஓட்டமா என்று பின்னால் சிரிப்பு.

மூன்று நிமிடம் கழித்து, சேர்ட் நனைந்து மூச்சிரைக்க அவர் திரும்பி வந்தபோதுதான் வரிசையில் நின்ற டிலுக்ஷன் வாயைத் திறந்தான்.

“சேர், ஸஜ்ஜாத் இன்னும் வரேல்ல. அவன்ட கையெழுத்தை நான்தான் வச்சனான்.”

நஸ்ரி அவனை அலுவலகத்துக்குக் கூட்டிப் போய்க் கதிரையில் இருத்தினார். தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். டிலுக்ஷனுக்கு வருகிற மாதம்தான் வேலை நிரந்தரமாகும் என்றிருந்தது. மனைவி சுதர்ஷிகாவுக்குப் பிள்ளை கிடைக்க இருப்பதும் அதே மாதம். கடிதம் போனால் வேலை போச்சு.

இந்த மனுசனிடம் கெஞ்சிப் பயனில்லை என்று அவனுக்குத் தெரியும். வந்த முதல் நாளே, ‘தூர நிண்டு என்ட பேரைச் சத்தமாக் கூப்பிடாதீங்க, கிட்ட வந்து கதைங்க’ என்று சொன்னவர். தலைக்கனம் பிடித்தவர் என்று களஞ்சியம் முழுக்கக் கதை. இருந்தாலும் கேட்டுப் பார்த்தான்.

“அவன் உம்மாவை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனவன் சேர். இன்னொருக்காப் பிந்தினா வேலையால நிப்பாட்டிப்போடுவினம். ஒரு கையெழுத்துத்தானே?”

நஸ்ரி பேனாவை வைத்தார்.

“ஆறு வருசத்துக்கு முந்தி நான் துறைமுகப் பக்கம் ஒரு சாக்கு ஸ்டோர்ல வேலை செஞ்சனான். அங்கயும் இப்படித்தான், ஆளுக்காள் கையெழுத்து வைப்பம். ஒரு நாள் நெருப்புப் பிடிச்சது. வெளிய வந்தவங்கள எண்ணினா ஒரு ஆள் குறையுது. அல்பிரட் அண்ணன் நனைஞ்ச சாக்கைப் போத்திக்கொண்டு திரும்ப உள்ள போனார். கூரை விழுந்திட்டுது.”

“ஐயோ. அந்தக் குறைஞ்ச ஆள்?”

“உள்ள இருக்கவே இல்ல. அண்டைக்கு வேலைக்கே வரல்ல. கப்பல்துறை ஊர்ல ஒரு கலியாண வீட்டில சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.”

“கையெழுத்து வச்சவன் சொல்லியிருக்கலாம்தானே, சேர்?”

“பயத்தில வாய் திறக்கல்ல. இப்ப நீங்க மூண்டு நிமிசம் பேசாம நிண்டீங்களே தம்பி, அப்படித்தான்.”

டிலுக்ஷனுக்கு வெட்கமாக இருந்தது. நிலத்தைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டான்.

“கள்ளக் கையெழுத்து வச்சது நீங்களா, சேர்?”

“இல்ல.”

நஸ்ரி கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார். கையெழுத்துப் புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினார்.

“இத நான் அனுப்பமாட்டன். அந்தக் கையெழுத்தை நீங்களே கோடு போட்டு வெட்டிவிடுங்க. இனி ஆருக்கும் வைக்கவேணாம்.”

டிலுக்ஷன் வெட்டினான். வாசல் வரை போனவன் மனம் கேளாமல் திரும்பினான்.

“ஆரைத் தேடிப் போறன் எண்டு அல்பிரட் அண்ணனுக்குத் தெரியுமா, சேர்?”

“ஓம். தினமும் அவரோட ஒண்டா இருந்து சாப்பிடுற ஆள்தானே.” நஸ்ரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “கூரை விழுறவரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டவராம். வெளியில நிண்ட எல்லாருக்கும் கேட்டதாம், ‘நஸ்ரி, நஸ்ரி’ எண்டு.”