ஒரு சொட்டு எண்ணெய்

"இன்னிக்கு அந்த அம்மாகிட்ட முகத்துக்கு நேராவே சொல்லிடப் போறேன். ஒண்ணு சைக்கிளுக்கு எண்ணெய் போடட்டும், இல்ல நம்மகூட வராம இருக்கட்டும்" என்றார் கேப்டன்.

கேப்டன் என்றால் கப்பலும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. பல் டாக்டர். ஞாயிறு காலையில் ஏரியைச் சுற்றி சைக்கிள் மிதிக்கும் கோஷ்டிக்குத் தன்னைத்தானே தலைவராக்கிக்கொண்டவர். யாரும் எதிர்க்கவில்லை. பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

கிறீச்... கிறீச்...

பின்னால் அது விடாமல் வந்துகொண்டிருந்தது. வயலில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள்.

"காது கூசுது சார்" என்றார் பக்கத்தில் வந்த மருந்துக்கடைக்காரர். "இறக்கத்துலகூட மிதிக்கிறதை நிறுத்த மாட்டேங்கறாங்க. சும்மா விட்டா சைக்கிள் தானா போகும், நமக்கும் கொஞ்ச நேரம் நிம்மதி."

"கஞ்சத்தனம், வேற என்ன?"

"அந்த மனுஷனைச் சொல்லுங்க. வேலையை விட்டுட்டு வீட்டுலதானே இருக்கார்? பொண்டாட்டி சைக்கிளைத் துடைச்சு வைக்கக் கூடாதா?"

"அவர் மகாராஜா. பிஸ்கெட்டைப் பிரிச்சுக் கையில வச்சாத்தான் சாப்பிடுவார்."

ஏரிக்கரை முடியும் இடத்தில் ஒரு டீக்கடை. எல்லாரும் இறங்கினார்கள்.

கிறீச்சிட்டு வந்து நின்றவளுக்கு லைப்ரரி அக்கா என்று பெயர். நூலகத்தில் வேலை. அவள் பின்னாலேயே வந்து நின்றார் கணவர். அவர் சைக்கிளையும் அக்காவே வாங்கி நிறுத்தினாள். அவரை பெஞ்சில் உட்காரவைத்து, டீ வாங்கி வந்து கையில் கொடுத்தாள். மருந்துக்கடைக்காரர் கேப்டனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

கேப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், லைப்ரரியில நாங்க இருமினாலே முறைக்கிறீங்க. இங்க ஊரையே எழுப்பிக்கிட்டு வர்றீங்களே, நியாயமா?"

அக்கா சிரித்து மழுப்பப் பார்த்தாள். "பழகிடுச்சு டாக்டர்."

"எங்களுக்குப் பழகலையே! தப்பா நினைக்காதீங்க. அடுத்த வாரமும் இந்தச் சத்தம்னா நீங்க வர வேண்டாம்."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. "அப்படிச் சொல்லாதீங்க டாக்டர். வாரம் பூரா இந்த ஒரு நாளுக்காகத்தான் இவர் காத்துக்கிட்டு இருக்கார்."

"அவர் தாராளமா வரட்டும். அவர் சைக்கிள் நல்லாத்தானே இருக்கு?"

"தனியா வர மாட்டார்."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து இவ பின்னாலேயே போய்ப் பழக்கம் டாக்டர்" என்றார் கணவர், டீயை உறிஞ்சியபடி. "தனியா விட்டா தொலைஞ்சுபோயிடுவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கை கழுவப் போகிற சாக்கில் கடைக்குப் பின்பக்கம் போய்விட்டாள்.

கேப்டனுக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. அதே சமயம் கை அரித்தது. பையிலிருந்து எண்ணெய் டப்பாவை எடுத்தார். அக்காவின் சைக்கிள் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே செயின் முழுக்கச் சொட்டுச் சொட்டாக விட்டார். நாலு சுற்றில் சத்தம் அடங்கிவிட்டது.

"பாத்தீங்களா? இதுவும் பல்லு மாதிரிதான்" என்றார் ரகசியக் குரலில். "அவங்களைக் கேட்டுக்கிட்டிருந்தா வேலை நடக்காது."

பெஞ்சில் இருந்த கணவர் ஏரிப்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு காற்று வாங்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. மகாராஜாவேதான்.

"கிளம்பலாம், வெயில் ஏறுது!"

அக்கா அவசரமாக வந்தாள். கணவர் சைக்கிளைச் சாலையில் கொண்டுவந்து அவர் கையில் பிடித்துக் கொடுத்தாள். தன் சைக்கிளில் ஏறி மிதித்தாள்.

சத்தமே இல்லை. வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது சைக்கிள். கேப்டன் பெருமையோடு மீசையைத் தடவினார்.

கணவர் மட்டும் கிளம்பவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி, தலையை ஒரு பக்கம் சாய்த்து அப்படியே நின்றார்.

"என்ன சார், நின்னுக்கிட்டே தூக்கமா? அவங்க போயிட்டாங்க பாருங்க!" என்று முதுகில் கை வைத்துச் செல்லமாக ஒரு தள்ளு தள்ளினார் கேப்டன்.

"ஐயோ, தள்ளாதீங்க!"

முன்னால் போன அக்கா கத்திக்கொண்டே சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

கடையைத் தாண்டியதும் சாலை இடது பக்கம் திரும்புகிறது. கணவர் திரும்பவில்லை. நேராகப் போனார். சரிவில் இறங்கி, தண்ணீர் கட்டியிருந்த வயலில் சைக்கிளோடு விழுந்தார்.

எல்லாரும் பதறிக்கொண்டு இறங்கினார்கள். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்பு, உடம்பெல்லாம் சேறு, அவ்வளவுதான்.

பயம் தெளிந்ததும் கேப்டனுக்குக் கோபம் வந்தது. "என்ன சார் இது, சின்னப்பிள்ளை மாதிரி? ரோடு அவ்ளோ பெரிசா திரும்புது, நீங்க பாட்டுக்கு நேரா போறீங்க!"

"என் சைக்கிளுக்கு யார் எண்ணெய் போட்டது?" என்றாள் அக்கா.

"நான்தான் மேடம். நல்லதுன்னு நினைச்சுத்தானே..."

அக்கா சேற்றில் மண்டியிட்டு, கணவரின் முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

கணவர் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். பிறகு, எதிரே நின்ற மருந்துக்கடைக்காரர் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னார்:

"டாக்டர், இவமேல கோவப்படாதீங்க. எனக்குப் பார்வை போயிடுச்சு, வெறும் வெளிச்சம்தான் மிச்சம்; சொன்னா சேத்துக்க மாட்டீங்கன்னு, இவ சைக்கிள் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டேதான் இத்தனை நாளும் உங்ககூட ஏரியைச் சுத்தினேன்."