காலுக்கு ஒரு தலையணை

எதிர்வீட்டுக்காரர் அனுப்பிய புகார் நாலே வரிதான்.

‘உங்கள் நர்ஸ் இங்கே நோயாளியைப் பார்க்க வருவதில்லை, தூங்க வருகிறார். சோபாவில் அவர் படுத்திருக்க, எழுபத்தெட்டு வயது அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறுகிறார். கதவு திறந்தே கிடப்பதால் தினமும் என் கண்ணால் பார்க்கிறேன். இந்த அநியாயத்தைக் கேட்க ஆளில்லையா?’

கேட்க ஆள் இருந்தார். வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் அந்த மருத்துவ சேவையில், நர்ஸுகளுக்கெல்லாம் மேற்பார்வையாளராக இருந்த பெண்மணி. அவருக்குப் பட்டப்பெயர் கடிகாரம். ஒரு வீட்டுக்கு இருபது நிமிடம் என்பது அவர் போட்ட சட்டம். ரத்த அழுத்தம் பார், மாத்திரைப் பெட்டியைச் சரிபார், நோட்டில் எழுது, கிளம்பு. ஒரு நர்ஸுக்கு ஒரு நாளைக்குப் பதினோரு வீடு. அதில் ஊர்க்கதைக்கு இடம் கிடையாது.

வருகைப் பதிவை எடுத்துப் பார்த்தார். மற்ற எல்லா வீட்டிலும் இருபது நிமிடம். அந்த மூன்றாம் மாடி வீட்டில் மட்டும் மூன்று மாசமாக நாற்பது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? நர்ஸை வேலையை விட்டு நிறுத்தும் கடிதத்தை டைப் அடித்து, கையெழுத்தும் போட்டு, பையில் வைத்துக்கொண்டுதான் படியேறினார். விசாரணை எல்லாம் அப்புறம்.

கதவு திறந்துதான் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் ஓர் எழுத்துகூடக் கூட்டி எழுதவில்லை. ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு நர்ஸ் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். தலைக்கு ஒன்று போதாதென்று காலுக்கும் ஒரு தலையணை. பக்கத்து நாற்காலியில் அந்த அம்மாள் பழைய நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். வந்தவரைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

“மெதுவா வாங்கம்மா. இப்பத்தான் கண் அசந்தா.”

கடிகாரத்துக்குச் சுர்ரென்று ஏறியது. தான் யாரென்று சொன்னார். அப்போதும் அம்மாள் பதறவில்லை. காலையிலிருந்து மாடி மாடியாக ஏறி இறங்குகிற பொண்ணு, கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள் என்று தானே தப்புப் பண்ணியவர்போலக் கேட்டுக்கொண்டார். எழுந்தால் பசிக்குமே என்று பால் காய்ச்ச அடுப்படிக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மேற்பார்வையாளர் சோபாவருகே குனிந்தார்.

“தூங்கினது போதும். எழுந்திரு.”

நர்ஸ் கண்ணைத் திறந்தாள். அதில் தூக்கத்தின் சுவடே இல்லை. ஆனால் பயம் இருந்தது.

“மேடம், உங்க கால்ல வேணா விழறேன். ஒரு அஞ்சு நிமிஷம். அவங்க பாலைக் குடிச்சு மாத்திரை போட்டுக்கட்டும். அப்புறம் என்னை என்ன வேணா பண்ணுங்க.”

குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள். அம்மாளின் கணவர் எட்டு வருஷம் படுத்த படுக்கை. ஊட்டி விட்டு, துடைத்து விட்டு, மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்தது எல்லாம் இவர் ஒருத்தர்தான். நாலு மாசத்துக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றிலிருந்து இவருக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. மாத்திரைப் பெட்டி வைத்தது வைத்தபடி இருக்கும். யாருக்காகச் சாப்பிடணும் என்று கேட்பாராம். நர்ஸும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

ஒரு நாள் அவளுக்கே தலை சுற்றி, இதே சோபாவில் சாய்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் அம்மாள் முதல்முறையாக அடுப்பைப் பற்ற வைத்தார். பால் காய்ச்சிக் கொடுத்து, துணைக்குத் தானும் ஒரு தம்ளர் குடித்தார். மாத்திரையைச் சொல்லாமலே போட்டுக்கொண்டார்.

“அதான் மேடம், தினமும் தூங்குற மாதிரி படுத்துக்கிறேன். நெஜமாத் தூங்கிட்டா மத்த வீடெல்லாம் என்ன ஆகுறது?”

மேஜைமேல் அம்மாளின் நோட்டு இருந்தது. மேற்பார்வையாளர் புரட்டினார். ரத்த அழுத்தம் ஆரம்பத்தில் நூற்றுத் தொண்ணூறு, நேற்று நூற்று முப்பத்தெட்டு. எடை மூன்று கிலோ கூடியிருந்தது.

பையிலிருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். நோட்டில், ‘இந்த வீட்டுக்கு நாற்பது நிமிடம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு பெரிய தர்மம் பண்ணிவிட்ட நிறைவு அவருக்கு. அடுப்படியிலிருந்து செருப்புச் சத்தம் கேட்டதும் நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மாள் பாலோடு வந்து நர்ஸை எழுப்பினார். அவளோடு சேர்ந்து தானும் குடித்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டார். மேற்பார்வையாளர் கிளம்பியபோது படிக்கட்டுவரை கூடவே வந்தார்.

“இனிமே இங்க நாற்பது நிமிஷம் இருக்கலாம்னு எழுதிட்டேன். நல்லாத் தூங்கட்டும்” என்றார் மேற்பார்வையாளர் பெருமையாக.

அம்மாள் உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அவ எங்கம்மா தூங்குறா? எட்டு வருஷம் படுக்கைப் பக்கத்துலயே உட்கார்ந்தவளுக்கு அது தெரியாதா? நான் கொஞ்சம் கண் அசரணுமேன்னு அவரும் இப்படித்தான், வலியைப் பொறுத்துக்கிட்டுத் தூங்குற மாதிரி கிடப்பாரு.”

மேற்பார்வையாளர், பிறகு எதற்காகத் தினமும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

“அவ காலைப் பாத்தீங்களா? எப்படி வீங்கிக் கிடக்கு. ஒரு நாளைக்குப் பதினோரு வீடுன்னு எந்தப் புண்ணியவதி கணக்குப் போட்டுக் கொடுத்தாளோ தெரியல. நடிக்கிறதுக்காகவாச்சும் அந்தப் பொண்ணு இங்க வந்து கொஞ்ச நேரம் காலை நீட்டுதில்ல.”