மெதுவாவே போங்க

அந்தக் காரின் வேகமுள் முப்பதைத் தாண்டவே இல்லை.

"ஒன்பதரைக்கு கேட்டை மூடிடுவாங்க அங்கிள்" என்றேன், மூன்றாவது முறையாக.

"போயிடலாம்மா" என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விடிவதற்கு முன்பே பிடித்த மழை. பஸ் எதுவும் ஓடவில்லை. நான் பதிவு செய்த இரண்டு டாக்சிகளும் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டன. மூன்றாவது டிரைவர் போனில், "கவலைப்படாதீங்க, பத்தே நிமிஷத்துல பறந்துடலாம்" என்றார். அதைக் கேட்டதும் அம்மா போனைப் பிடுங்கி, வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வருஷம் முழுக்கப் படித்த நுழைவுத் தேர்வு வீட்டு வாசலிலேயே முடிந்துவிடும் போலிருந்தது.

அப்புறம் வெகுநேரம் யோசித்து, அம்மா யாருக்கோ போன் செய்தாள். வந்து நின்றவர்தான் இவர். ஐம்பது வயதிருக்கும். அம்மாவின் ஆபீஸ்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் முன்னால் உட்கார்ந்தேன். அம்மா பின்னால்.

"பின்னாடியும் பெல்ட் போடணும்" என்றார், திரும்பிப் பார்க்காமல். அது மாட்டிய சத்தம் கேட்ட பிறகுதான் வண்டி கிளம்பியது.

எங்களைத் தாண்டிப் போகாத வண்டியே இல்லை. பால் வண்டி தாண்டியது. ரெயின்கோட் மாட்டிய ஒரு தாத்தா ஸ்கூட்டரில் தாண்டினார், போகிற போக்கில் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு.

முன்னால் போன லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் நாலு கார் நுழையலாம். நுழையவும் செய்தன. ஒவ்வொன்று நுழையும்போதும் இவர் இன்னும் கொஞ்சம் பின்தங்கினார்.

பாலத்தடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஓரமாக நிறுத்தி, இரண்டு வண்டிகளை உள்ளே போகவிட்டு, சக்கரம் எதுவரை முங்குகிறது என்று பார்த்தார். பிறகு ஊர்ந்தபடி கடந்தார். மேடேறியதும் பிரேக்கை விட்டு விட்டு மிதித்து, ஈரம் போய்ப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

நான் போனில் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு ஆள் வந்தார். தலைமேல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தபடி, கடக்கலாமா வேண்டாமா என்று சாலையோரத்தில் நின்றார். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் நாலைந்து கடைகள் தூரம் இருந்தது.

இவர் அங்கேயே நிறுத்திவிட்டார்.

பின்னால் ஹாரன்கள் அலறின. அந்த ஆள் ஓடிக் கடந்து, எதிர்ப்பக்கம் ஏறி, ஒரு கடைக்குள் புகுந்து மறைந்தார். அதன் பிறகும் கார் நகரவில்லை. ஏசி குளிரிலும் இவர் நெற்றி வியர்த்திருந்தது.

"அங்கிள், ப்ளீஸ்! கொஞ்சம் வேகமா!" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏறியதிலிருந்து வாயே திறக்காத அம்மா அப்போதுதான் பேசினாள்.

"பரவாயில்ல. மெதுவாவே போங்க."

அவர் தலையாட்டினார். கியரைப் போட்டார்.

ஒன்பது இருபத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தோம். நன்றிகூடச் சொல்லாமல் இறங்கி ஓடினேன்.

மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தபோதும் மழை விட்டபாடில்லை. அம்மா கேட்டருகே குடையோடு நின்றிருந்தாள். தெருக்கோடியில் அதே கார்.

"போகச் சொன்னேன். கேக்கல" என்றாள்.

"யாரும்மா அவரு?"

அம்மா குடையை என் பக்கம் சாய்த்தாள். பரீட்சை எப்படி என்றுகூடக் கேட்கவில்லை.

"உங்கப்பா ரோட்டைக் கடக்கும்போது மோதினது இவரு கார்தான். அன்னைக்கும் இதே மாதிரி மழை. கேஸ் முடிஞ்ச அன்னைக்கு, எப்ப எந்த உதவின்னாலும் கூப்பிடுங்கன்னு நம்பர் எழுதிக் கொடுத்தாரு. வாங்கிக்கிட்டேன். ஆனா ஒரு வார்த்தை பேசல."

அப்பா போனபோது எனக்கு ஒன்பது வயது. மோதியவருக்கும் ஒரு முகம் இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. இன்று காலை முழுக்க அந்த முகத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வேகமாகப் போகச் சொல்லியிருக்கிறேன்.

"இவரைப் போய் ஏம்மா கூப்பிட்டே?"

எங்களைப் பார்த்துவிட்டுக் கார் கிளம்பியது. ஒரு வண்டிகூட இல்லாத தெருவில், இன்டிகேட்டர் போட்டபடி, நடக்கிற வேகத்தில் எங்களை நோக்கி வந்தது.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மழையில, வேற யார் வண்டியில உன்னை நம்பி ஏத்துவேன்?"