ஏழாவது மாடி வரிசை

ஏழாவது மாடி பால்கனியில், பூச்செடிக்காகக் கட்டிய நீளத் தொட்டிக்குள், ஐந்து சீத்தா மரங்கள் வரிசையாக நின்றன.

பொறியாளர் நாடாவை எடுத்து அளந்தாள். மரத்துக்கு மரம் சொல்லிவைத்த மாதிரி இரண்டரை அடி. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் மட்டும் ஐந்தடி.

பாதியில் கைவிட்டு இருபத்தைந்து வருடமான கட்டிடம். கீழே ஆறு மாடிகளிலும் ஆலும் எருக்கும் சுவரைப் பிளந்துகொண்டு தம் இஷ்டத்துக்கு வளர்ந்திருந்தன. அது காடு செய்த வேலை; அதற்கு அவள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் வரிசை என்றால் மனிதக் கை.

நாளைக் காலை கட்டிடத்தை இடிக்கப்போகிறார்கள். உள்ளே யாரும் இல்லை என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டபிறகு ஒரு ஆள் உள்ளே இருந்துவிட்டால்?

ஏழாவது மாடியில் காற்று பிய்த்துக்கொண்டு வரும் என்று காலையில் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அம்மா இங்கே கலவை சுமந்தவள்.

மூலைமுடுக்கெல்லாம் தேடினாள். அடுப்புக்கரி இல்லை, பாய் இல்லை, ஒரு பீடித் துண்டுகூட இல்லை. சாட்சிக்கு ஒரு பழத்தைப் பறித்துக்கொண்டு இறங்கினாள்.

வாசலில் காவலாளி. அந்தக் காலத்தில் இதே கட்டிடத்தில் கொத்தனார். முட்டிவலியால் மேலே ஏறிப் பல வருடமாகிறது. அவள் கைப்பேசியில் எடுத்த படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இது நாங்கதாம்மா. மத்தியானம் ஆறு பேரும் சுவரோரமா உக்காந்து ஆளுக்கொரு சீத்தாப்பழம் தின்போம். கொட்டைய எதிர்த் தொட்டியில துப்புவோம். அவங்கவங்க இடம் மாறவே மாறாது."

அவள் அந்த ஐந்தடி இடைவெளியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"அங்க ஒரு சித்தாளம்மா உக்காரும். அது மட்டும் தின்னதே இல்ல. பழத்தைச் சும்மாட்டுத் துணியில முடிஞ்சு வீட்டுக்குக் கொண்டுபோயிடும்."

சாயங்காலமானால் வீட்டில் அந்த முடிச்சை அவிழ்ப்பது சிறுமியாக இருந்த அவள்தான். "உனக்கு?" என்று கேட்டால் அம்மா தினமும் ஒரே பதில்தான் சொல்வாள்: "நான் அங்கேயே தின்னுட்டேன்."

படிவத்தில் 'யாரும் குடியிருக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பழம் நன்றாகக் கனிந்திருக்கிறது, சாப்பிடுங்கள் என்றார் காவலாளி.

அவள் அதைத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டாள். வீட்டில் அம்மா, "உனக்கு?" என்று கேட்பாள்.

சொல்ல வேண்டிய பதில் அவளிடம் தயாராக இருந்தது.