கிழக்கு பார்த்த கோயில்

உலக வரலாறு அன்று காலை ஒன்பதே முக்கால் மணிக்குத் திருத்தி எழுதப்பட இருந்தது.

திருத்துபவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பக்கத்தில் அவருடைய மனைவி, குடையும் தண்ணீர் பாட்டிலுமாக.

மெக்சிகோவின் கிழக்குக் கரை. செங்குத்துப் பாறை. பாறை மேல் மாயர்கள் என்றைக்கோ கட்டிய கோயில். கீழே, கண் கூசும் நீலத்தில் கடல். இடிந்த சுவர்களில் முழங்கை நீள ஓணான்கள், பென்ஷன் வாங்கியவை போல வெயில் காய்ந்தன.

அவரும் பென்ஷன்காரர்தான். ஓய்வுபெற்ற தாசில்தார். அமெரிக்காவில் மகன் வீட்டுக்கு வந்தவர், அங்கிருந்து இதற்கென்றே பறந்து வந்திருந்தார்.

பதினோரு வருட ஆராய்ச்சி. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒரே முடிவு: கடல் கடந்து போன தமிழர்கள், தாயகத்தை மறக்க மாட்டாமல், இந்தக் கோயிலைக் கிழக்கு பார்க்கக் கட்டினார்கள்.

புத்தகம் அச்சகத்தில் தயார். அட்டைப்படம் மட்டும் பாக்கி. கோயில் முகப்பு, முன்னால் அவர்.

அந்தப் பதினோரு வருடமும் ஆராய்ச்சி நடந்தது வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

மேசை முழுக்கக் காகிதம். மனைவி தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள். சம்பந்தி வந்தபோதும் அப்படித்தான். சம்பந்தியும் அப்படித்தான்.

வழிகாட்டிப் பெண் மரியேலா கோயில் படிக்கட்டைக் காட்டினாள்.

"இதுதான் முகப்பு" என்றாள் ஆங்கிலத்தில். "மேற்கு பார்த்தது. கடலுக்கு முதுகு."

அவர் சிரித்தார். மனுவை வாங்கிக் கட்டுக்கு அடியில் செருகும்போது சிரிக்கிற தாசில்தார் சிரிப்பு. பிறகு செல்போனில் திசைகாட்டியைத் திறந்தார்.

மேற்கு.

போனை உதறிவிட்டு மறுபடி பார்த்தார்.

மேற்கு.

முப்பது வருடம் ஒரு தாலுகாவுக்கே நான்கெல்லை பார்த்துக் கையெழுத்துப் போட்டவர். இந்தக் கோயிலை மட்டும் படத்தில்தான் பார்த்திருந்தார். படங்கள் எல்லாம் கடல் பக்கத்திலிருந்து எடுத்தவை.

ஒரு கல்லில் உட்கார்ந்தார். ஓணான் ஒன்று நகர்ந்து இடம் கொடுத்தது.

"ஏழாம் அத்தியாயத்துலேருந்து திரும்ப எழுதணும்" என்றார். "அஞ்சு வருஷம் ஆகும்."

அவள் குடையை மடக்கினாள். கோயிலை முதன்முறையாக நன்றாகப் பார்த்தாள்.

"என்னங்க, கீழ மணலுக்கு எறங்கி நில்லுங்க. அங்கேருந்து எடுத்தா கோயிலு கடலைத்தானே பாக்குது?"

"அது முதுகுப் பக்கம்டி."

"ஒங்க புஸ்தகத்தைப் படிச்சிட்டு யாரு இவ்வளவு தூரம் வந்து சரிபாக்கப் போறாங்க?"

அவர் அந்த வாதத்தில் ஓட்டை தேடினார். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் இவ்வளவு உறுதியான வாதம் ஒன்று இல்லை.

எழுந்தார்.

கீழே கடற்பாசி அழுகி நாறியது. அதைத் தாண்டி நின்று, இடுப்பில் கை வைத்து, தாயகம் இருக்கும் திசையை அவர் ஏக்கத்தோடு பார்த்தார். பின்னால் பாறை மேல் கோயிலின் முதுகு. காலை வெயில் அதன் மேல், முகத்தில் விழுவது போலவே விழுந்தது.

"கொஞ்சம் சிரிங்க."

அவர் சிரிக்கவில்லை. ஆராய்ச்சியாளர்கள் அட்டையில் சிரிப்பதில்லை.

ஒரு படம் போதும். அவள் எதற்கும் இருக்கட்டும் என்று நான்கு எடுத்தாள். அச்சகத்துக்கு அங்கேயே நின்று அனுப்பினாள். போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் போனைப் பையில் போட்டாள்.

ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை அது.