கட் சொன்ன பிறகு

பொத்தானை அழுத்திவிட்டு அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பேயைச் செய்வது பெரிய காரியமில்லை. கணினியில் செய்து முடித்து, தலைமுடியைக்கூட விரித்துவிட்டாயிற்று. படம்பிடித்த இடத்துக்குள் அதைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் பெரும்பாடு. கேமரா ஒரு பக்கம் நகர, பேய் ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள்.

அதனால் கேமரா எப்படி நடந்தது என்று முதலில் தெரிய வேண்டும். காட்சியில் இருக்கிற தூண், ஆணி, சுவர்க்கறை எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாகப் பிடித்து, மென்பொருளே அதைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும்.

சொல்லிவிட்டது.

திரையில் சாம்பல்நிற வெட்டவெளி. நடுவே ஒரு சிவப்புக் கோடு, கேமரா போன வழி.

மற்றவர்களுக்கு அது வெறும் கிறுக்கல். அவள் திரைக்கு நெருங்கி உட்கார்ந்தாள்.

கோடு ஓரடி விட்டு ஓரடிக்கு லேசாக இறங்கி ஏறியது. வலது காலை வைக்கும்போதெல்லாம் இறங்கியது. கபடியில் முட்டி பெயர்ந்த கால்.

தவசீலன் நடந்து வந்துகொண்டிருந்தான்.

*

அவளுடைய இறுதியாண்டுக் குறும்படத்துக்கு அவன்தான் கேமரா. கூடப் படித்தவன். எடுத்த காட்சிகள் எதிலும் அவன் இல்லை. வகுப்பே சேர்ந்து நின்ற போட்டோவிலும் இல்லை. அதையும் அவன்தான் எடுத்தான்.

திருப்பூரில் மூடிக்கிடந்த ஒரு பனியன் கம்பெனி ஷெட். கடைசி ஷாட். அவள் 'கட்' சொன்னாள். மானிட்டரில் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். படம் ஆடியிருந்தது. காலையிலிருந்து சாப்பிடாத எரிச்சல் வேறு.

"கை நிக்காதவனுக்கு எதுக்குடா கேமரா?"

எல்லோர் முன்னாலும் கேட்டாள். யாரோ சிரித்தார்கள். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

திரும்பிப் பார்த்தபோது கேமரா மேஜைமேல் இருந்தது. வெளியே அவன் வண்டி இல்லை.

அவினாசி ரோட்டில் லாரி. வீடு போய்ச் சேரவில்லை.

அவனுடைய அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டார்.

"கடைசியா என்ன பேசுனான் கண்ணு?"

"சிரிச்சுட்டே தானுங்கம்மா போனான்."

அந்தப் பொய் இன்றுவரை அவளை விடவில்லை. கோபத்தோடு போனானா, இல்லையா? அவளுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். சொல்லத்தான் ஆளில்லை.

*

மதியம், கல்லூரி லேபிலிருந்து சாப்பிடக் கிளம்பிய சார் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"அந்த ஆட்டத்தக் கொஞ்சம் மட்டம் பண்ணி உட்ரும்மா. இந்தாட்டம் ஆடுனா பேயே கீழ விழுந்துரும்."

நொடியில் முடிகிற வேலை. ஓர் எண்ணைக் கொடுத்தால் போதும். கோடு நூல் பிடித்தாற்போல் நேராகிவிடும்.

அந்தக் கால் போய்விடும்.

விரலை வைத்தாள். மனசு வரவில்லை. கோட்டை ஒருமுறை கடைசிவரை பார்த்துவிடலாம் என்று நகர்த்தினாள்.

அது முடியவில்லை. போய்க்கொண்டே இருந்தது.

வழக்கமாக அவள் 'கட்' வரைக்கும்தான் நறுக்கி எடுப்பாள். இன்று அவசரத்தில் முழுசாகப் போட்டுவிட்டாள். அன்றைக்கு வாங்கிய ஏச்சில் அவன் கேமராவை நிறுத்த மறந்திருந்தான். கழுத்தில் தொங்கியபடி அது வெறும் தரையைப் பார்த்துக்கொண்டே போயிருந்தது. சத்தம் கிடையாது. கேமரா மைக்கை அணைத்து வைக்கச் சொன்னவளும் அவள்தான்.

தரை முழுக்க வெடிப்பும் நூல் கழிவும். மென்பொருளுக்கு அது போதும். ஓரிடத்திலும் கோடு அறுபடவில்லை.

பேயின் நிழல் விழுவதற்காக அந்த ஷெட்டையே அவள் அளந்து கணினிக்குள் கட்டி வைத்திருந்தாள். தூண், கதவு, மேஜை, தான் உட்கார்ந்திருந்த நாற்காலி. எல்லாவற்றையும் திரைக்குக் கொண்டுவந்தாள்.

கோடு கதவை நோக்கிப் போனது.

கதவருகே நின்றது. நின்ற இடத்தில் சிக்கு விழுந்த நூல்போல ஒரு முடிச்சு.

திரும்பியது.

இறங்கி ஏறி, இறங்கி ஏறி, நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது.

அங்கே பெரிய முடிச்சு. நெருக்கிப் பார்த்தாள். மேலும் கீழும் மெல்ல அசைந்தது. மூச்சு.

இத்தனை நேரம் நின்றிருக்கிறான். அவள் காதில் ஹெட்போன்.

பிறகு கோடு ஒரே ஒருமுறை தரைவரை தாழ்ந்து எழுந்தது. அப்புறம்தான் மேஜைக்குப் போய் முடிந்தது.

எதற்குக் குனிந்தான்?

அந்த இடத்துக்குக் காட்சியை ஓட்டினாள். நாற்காலிக் கால். எண்ணெய் படிந்த தரையில் அவளுடைய துப்பட்டாவின் நுனி.

தரை கிட்டே வந்தது. ஒரு கை உள்ளே வந்தது. துப்பட்டாவை எடுத்தது. ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டு, நாற்காலியின் கைப்பிடிமேல் போட்டது.

கை நடுங்கவில்லை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெகுநேரம் கழித்து, ஆட்டத்தை மட்டம் செய்யும் எண்ணைப் பூஜ்யத்திலேயே விட்டு மூடினாள். பேய் விழுந்தால் விழட்டும்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஏசி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

சும்மா காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

துப்பட்டா தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

அவள் அதை எடுக்கவில்லை. பின்னால் நிற்பவன் குனிந்து எடுக்கட்டும் என்பதுபோலத் திரும்பியும் பார்க்கவில்லை.